தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் இலக்கிய வட்டத்தின் விழாவில் ஆங்கில ஆசிரியன் ஒருவனுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் என்னிடமே அதைக் கேட்டுவிட்டார். கம்பனைப் பற்றியும் பாரதியைப் பற்றியும் பேசுதற்கு உரியவர்கள் இம்மேடையில் அமர்ந்திருக்கிறார்கள். எனக்கு வழங்கப்பட்ட தலைப்போ 'ஆங்கிலத்தை அயன்மொழியாகக் கற்பித்தல்' என்பது. ஆயினும், ஆங்கில ஆசிரியர்கள் கூடும் அவையில் பேசுவதைக் காட்டிலும் இத்தலைப்பை இங்குப் பேசுவதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிப்பவர் தமிழிலக்கணம் அறிந்தவராக இருத்தல் வேண்டும். தமிழ்ப்பற்றின் மிகுதியால் இதைச் சொல்கிறேன் என்று யாரும் கொள்ள வேண்டா. வகுப்பறையில் நாள்தோறும் கண்டதைத்தான் சொல்கிறேன்.

முதலில் தலைப்பிலுள்ள சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மொழி கற்பித்தலைப் பற்றி எழுதுவோர் இரண்டாம் மொழி என்றும் அயன்மொழி என்றும் இரண்டாகப் பிரிப்பர். வீட்டு மொழியாக இல்லாவிடினும் சமுதாயத்தில் புழங்குவது இரண்டாம் மொழி. வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் காதில் விழாதது அயன்மொழி. இந்தியாவில் ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பதே ஏட்டில் உள்ள கணக்கு. சென்னை அண்ணா சாலையில் நின்று பார்ப்பவர்க்கு அக்கணக்குச் சரியாகவே தோன்றும். ஆனால் சிற்றூர்ப் பிள்ளையின் காதில் விழும் ஆங்கிலம் எது? பஸ், டிக்கெட், போன், சார்ஜர், ரேஷன் என்னும் தனிச்சொற்கள். அவையும் வேட்டி கட்டிக்கொண்டு வந்தவை. 'பஸ்ஸுல', 'போனை' என்று நம் வேற்றுமை உருபுகளை ஏற்றுக்கொண்டவை. எழுவாயும் பயனிலையும் கூடிய முழு ஆங்கில வாக்கியம் ஒன்று, ஆசிரியர் வாயிலிருந்து அன்றி வேறெங்கிருந்தும் அப்பிள்ளையின் காதுக்கு வருவது அரிது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்தபின் நிலைமை மாறிவிட்டது என்பர். வேற்றுநாட்டுப் படத்தையும் நம் பிள்ளைகள் தமிழ் பேசும் படமாகவே பார்க்கிறார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆகவே, ஏடு எதைச் சொன்னாலும், நம் பிள்ளைகளுட் பெரும்பாலோர்க்கு ஆங்கிலம் அயன்மொழிதான். அயன்மொழியைக் கற்பிக்கும் முறையும் அதற்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும்.

1835ஆம் ஆண்டில் மெக்காலே எழுதிய குறிப்பிலிருந்து தொடங்கி வரலாறு முழுவதையும் கூறி உங்கள் பொழுதை வீணாக்க நான் விரும்பவில்லை. அவரைத் திட்டுவதும் போற்றுவதும் மேடைகளில் போதுமான அளவு நடந்துவிட்டன. மேடைகளில் அதிகம் பேசப்படாத ஓர் ஆங்கிலேயரைப் பற்றிச் சொல்கிறேன். மைக்கேல் வெஸ்ட் என்பது அவர் பெயர். டாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்கப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதைப் பல்லாண்டுகள் உற்று நோக்கி, 1926இல் இருமொழியம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் எளிய ஆங்கில வாசிப்பு நூல்கள் குறிப்பிட்ட சொல்லெல்லைக்குள் எழுதப்படுகின்றன அல்லவா? அவ்வழியை வகுத்தவர்களுள் அவர் முதன்மையானவர். ஏறத்தாழ இரண்டாயிரம் அடிப்படைச் சொற்களைக் கொண்ட அவருடைய சொற்பட்டியல் 1953இல் வெளிவந்தது.

அவர் கேட்ட கேள்வி ஒன்று என் நெஞ்சை விட்டு அகலுவதில்லை. ஆயுள் காப்பீட்டில் 'சரண்டர் வேல்யூ' என்று ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியாததன்று. பத்திரத்தை முதிர்வுக்கு முன்னரே ஒப்படைத்துவிட்டால் கையில் என்ன கிடைக்கும் என்பதே அது. வெஸ்ட் அச்சொல்லை எடுத்துக் கல்வியின்மேல் வைத்தார். மொழிப்பாடம் படிக்கும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் இறுதிவரை படிப்பதில்லை. இடையில் நின்றுவிடும் பிள்ளை, நின்ற நாள்வரை கற்றதைக்கொண்டு என்ன பயன் பெறும்? உச்சிப்படியை எட்டியவர்க்கு மட்டுமே பயன்தரும் பாடத்திட்டம், எட்டாத மற்றவர்க்கெல்லாம் கட்டிய பணத்தைக் கடலில் கொட்டியதற்கு ஒப்பாகும். ஆகவே வாசிப்புத் திறனுக்கே முதலிடம் தருக என்றார் அவர். வாசிக்கக் கற்ற பிள்ளை பள்ளியை விட்ட பிறகும் தானே மேலே செல்லும். பேச மட்டும் கற்ற பிள்ளைக்குப் பேச ஆளில்லாவிட்டால் கற்றது கரைந்துவிடும்.

ஏறத்தாழ நூறாண்டு ஆகிறது. அக்கேள்வியை நம் ஊரில் கேட்டுப் பாருங்கள். முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை ஆங்கிலம் படித்து, முப்பத்தைந்து மதிப்பெண் எடுத்துத் தேறி, அத்தோடு படிப்பை நிறுத்திப் பின்னலாடைத் தொழிற்சாலைக்கோ கட்டட வேலைக்கோ போகும் பிள்ளையின் கையில் இருப்பது என்ன? மனப்பாடம் செய்த நான்கு கட்டுரைகள். அவற்றை எழுத்துப் பிழையின்றி எழுதும். எழுதியது என்னவென்று அதற்குத் தெரியாது. தன் தாய்க்கு வாங்கிய மாத்திரைப் பட்டையில் காலாவதி நாள் எங்கே அச்சிடப்பட்டுள்ளது என்று பார்க்கத் தெரியாது. வங்கிப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் வரிசையில் பின்னால் நிற்பவரிடம் நீட்டும். பத்தாண்டுப் படிப்பின் ஒப்படைப்பு மதிப்பு இவ்வளவுதான் என்றால், குற்றம் பிள்ளையுடையது ஆகாது.

பின் எங்கே தவறு நேர்ந்தது? காரணங்கள் பல. பெரிய வகுப்புகள், மனப்பாடத்தையே அளக்கும் தேர்வுகள், ஆங்கிலம் பேசிப் பழகாத ஆசிரியர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவையெல்லாம் பலரும் சொல்வன. யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். பிள்ளை ஏற்கெனவே கொண்டுவந்திருக்கும் மொழியறிவை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னோம். அங்கே தொடங்கியது வினை.

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'நேர்முறை' என்று ஒன்று எழுந்தது. தாய்மொழியை இடையில் கொணராமல் அயன்மொழியை அதனாலேயே கற்பிப்பது அதன் கொள்கை. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து இலக்கண விதியை உருப்போடும் பழைய முறைக்கு எதிராக எழுந்ததாதலின் அதில் நியாயம் இருந்தது. 1950களில் அமைப்புமுறைப் பாடத்திட்டம் சென்னை மாநிலத்துப் பள்ளிகளுக்கு வந்தது. ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சியும் பெருமளவில் அளிக்கப்பட்டது. 1958இல் ஐதராபாத்தில் நடுவண் ஆங்கில நிறுவனமும் தோன்றியது. இவற்றில் நன்மைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் மேலிருந்து கீழே இறங்கி வரும்போது வகுப்பறையில் எஞ்சியது ஒரே கட்டளைதான்: ஆங்கில வகுப்பில் தமிழ் பேசாதே. சில பள்ளிகளில் தமிழில் பேசிய பிள்ளைக்குத் தண்டம் விதித்ததும் உண்டு. பேசக் கற்பிக்க வேண்டிய வகுப்பு, பிள்ளையை வாய் மூட வைக்கும் வகுப்பாயிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர் தமிழ் கற்றார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார் என்பர். பத்தாண்டுகள் கழித்து, 1716இல், ஐரோப்பியர்க்காக அவர் எழுதிய தமிழிலக்கணம் ஹாலே நகரில் அச்சாயிற்று. அது எந்த மொழியில் எழுதப்பட்டது? இலத்தீனில். வீரமாமுனிவரும் பிற்காலத்தில் அவ்வாறே இலத்தீனில் எழுதினார். ஜி.யு. போப் ஆங்கிலேயர்க்காக எழுதிய தமிழ்ப் பாடநூல் ஆங்கில விளக்கத்தோடு அமைந்தது. தமிழ் கற்க வந்த ஐரோப்பியர் தாம் முன்பு அறிந்த மொழியின் தோளில் ஏறி நின்றுதான் தமிழை எட்டிப் பார்த்தனர். அவரிடம் யாரும் 'இலத்தீனை மறந்துவிட்டு வா' என்று சொல்லவில்லை. நம் பிள்ளைகளிடம் மட்டும் ஏன் அவ்வாறு சொல்கிறோம்?

இனி வகுப்பறைக்குள் செல்வோம்.

நம் பிள்ளைகள் 'புக்' என்பதைப் 'புக்கு' என்பர். 'பஸ்' என்பதைப் 'பஸ்ஸு' என்பர். 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்பர். நகரத்துப் பள்ளிகளில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தமிழ் படித்தவர் சிரிக்கமாட்டார். சொல்லின் ஈற்றில் வரக்கூடிய மெய்யெழுத்துகள் தமிழில் பதினொன்று. அவற்றுள் வல்லினம் ஒன்றேனும் இல்லை. வல்லின ஒலியோடு சொல் முடியவேண்டுமாயின் அதன்மேல் ஒரு குற்றியலுகரம் ஏறி அமரும்: பாக்கு, நாடு, பஞ்சு. 'புக்கு' என்னும் பிள்ளை அந்த வழக்கத்தைத்தான் அயற்சொல்லுக்கும் விரிக்கிறது. மெய் தனித்து மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியம் முதல் நமக்குள்ள விதி. 'இஸ்கூல்' என்னும் பிள்ளை தொல்காப்பியம் படித்ததில்லை. ஆனால் தொல்காப்பியர் எதைக் கேட்டு எழுதினாரோ அது அப்பிள்ளையின் நாவில் இருக்கிறது. ஸ்பானிய மொழியிலும் இதே இயல்பு உண்டு. அங்கே பள்ளிக்கூடத்துக்கு 'எஸ்குவேலா' என்பதே செம்மையான சொல், யாரும் சிரிப்பதில்லை!

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. 'புக்கு என்று சொல்லாதே' என்று நூறு முறை அதட்டினாலும் பிள்ளைக்கு விளங்காது. ஏனெனில் தான் ஓர் உகரத்தைச் சேர்ப்பதாக அதற்குத் தெரியவே தெரியாது. தமிழாசிரியர் குற்றியலுகரம் நடத்திய மறுநாள் நான் சென்று, 'நேற்று நீங்கள் படித்த அந்த அரை மாத்திரை உகரம் இருக்கிறதே, அதை ஆங்கிலச் சொல்லின் ஈற்றிலிருந்து எடுத்துவிடுங்கள்' என்று சொன்னால் வகுப்பு முழுவதும் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. பெயர் தெரிந்த பொருளைக் கையில் எடுப்பது எளிது.

வல்லின எழுத்துகளின் ஒலியும் அவ்வாறே. பாக்கு, பங்கு, பகல் ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் எழுத்தால் ஒன்று, ஒலியால் மூன்று. இடத்தைக் கொண்டே ஒலி அறியப்படுதலின் நமக்குத் தனித்தனி எழுத்துத் தேவைப்படவில்லை. இது நம் எழுத்தின் குறை என்று சிலர் பேசுவது அறியாமை. ஆனால் ஆங்கிலத்தில் இடம் எதுவாயினும் ஒலி மாறினால் பொருள் மாறும். பாடநூலில் ஆங்கிலச் சொற்களின் தலைமேல் பென்சிலால் தமிழெழுத்தில் ஒலிப்பை எழுதி வைத்துக்கொள்வது நம் பிள்ளைகளின் வழக்கம். 'பெரிய' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும் பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அங்கே 'பிக்' என்று ஒன்றாகிவிடும். இவ்வுரையை மலரில் அச்சிடும்போதும் இதே சங்கடம்தான். என் எடுத்துக்காட்டை மேடையில் வாயால் சொல்ல முடிகிறது, தமிழில் எழுத முடியவில்லை! இதற்கு வழி என்ன? 'தம்பி' என்று சொல்லச் சொல்வேன். பிறகு 'தம்' என்பதை உதட்டுக்குள் அடக்கிவிட்டுப் 'பி' என்பதை மட்டும் வெளியே விடச் சொல்வேன். பெரிதைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலி கிடைத்துவிடும். அவ்வொலி பிள்ளைக்குப் புதியதன்று. நாள்தோறும் தம்பியை அழைக்கும்போது அதன் வாயில் இருந்ததுதான். இருக்கும் இடந்தான் புதிது.

அடுத்து, ஆங்கில ஆசிரியர்களை எல்லாம் அலைக்கழிக்கும் மூன்று சிறு சொற்களுக்கு வருகிறேன்: 'எ', 'ஆன்', 'தி'. இவற்றை எங்கே இடுவது, எங்கே விடுவது என்பதை ஆயுள் முழுவதும் கற்றும் தெளியாதார் உண்டு. 'தமிழில் இவை இல்லை, ஆகவே மனப்பாடம் செய்' என்பதே வழக்கமான விடை. தமிழில் இவை இல்லை என்பது சொல்லளவில் உண்மை. இவை செய்யும் வேலையும் தமிழில் இல்லையா என்று பார்க்க வேண்டும்.

'கடைக்குப் போய்ப் புத்தகம் வாங்கினேன்' என்கிறோம். 'கடைக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கினேன்' என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றா? அல்ல. முன்னதில் ஏதோ ஒரு புத்தகம். கேட்பவர்க்கு அது இன்னதென்று தெரியாது. பின்னதில் இருவரும் முன்பே அறிந்த அந்தப் புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நின்றால் ஒரு பொருள். வெளிப்பட்டு நின்றால் மற்றொரு பொருள். முன்னதற்கு ஆங்கிலம் 'எ புக்' என்னும். பின்னதற்குத் 'தி புக்' என்னும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இவ்விரு தமிழ் வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதி வேறுபாடு கேட்டேன். கடைசி வரிசையில் அமர்ந்து எதற்கும் வாய் திறவாத பையன் ஒருவன் எழுந்து, 'சார், ரெண்டாவதுல அவன் போகும்போதே எந்தப் புத்தகம்னு முடிவு பண்ணிட்டுப் போறான் சார்' என்றான். ஆங்கில இலக்கண நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான். அவனுக்கு அது முன்பே தெரியும். தெரியும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

இவ்வழி எல்லா இடத்தும் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உயர்திணைப் பெயரில் உருபு பெரும்பாலும் வெளிப்பட்டே நிற்கும்; 'அண்ணன் பார்த்தேன்' என்று நாம் சொல்வதில்லை. எழுவாயாக நிற்கும் பெயருக்கும் இது உதவாது. ஆறுகளின் பெயர்முன் 'தி' வரும், ஊர்களின் பெயர்முன் வாராது என்பன போன்றவற்றை வழக்கு நோக்கியே கற்க வேண்டும். ஆயினும் கதவு திறந்துவிட்டது. உள்ளே சென்றபின் மேடுபள்ளங்களை மெல்லப் பழகிக்கொள்ளலாம்.

மற்றொன்று எழுவாய். மழை பெய்வதை ஆங்கிலத்தில் 'இட் இஸ் ரெயினிங்' என்பர். மாணவி ஒருத்தி, 'சார், அந்த இட் எது சார்?' என்று கேட்டாள். நல்ல கேள்வி. நம் பிள்ளைகள் 'ரெயின் இஸ் கமிங்' என்று எழுதுவதும் இதனால்தான். தமிழில் மழைதானே வருகிறது? இதற்கு விடை தமிழ் வினைமுற்றில் இருக்கிறது. 'வந்தான்' என்னும் ஒரு சொல்லில் திணை, பால், எண், இடம், காலம் அனைத்தும் அடங்கிவிட்டன. எழுவாய் தோன்றாமல் நின்றாலும் கேட்பவர்க்கு ஐயமில்லை. ஆங்கிலத்திலோ வினையின் விகுதிகள் நாளடைவில் தேய்ந்துபோயின. 'கேம்' என்றால் வந்தது யார் என்று அச்சொல்லால் அறிய முடியாது. ஆகவே எழுவாய்க்கென்று ஒரு நாற்காலியை முன்னே போட்டுவைத்தார்கள். அதில் யாராவது அமர்ந்தே ஆகவேண்டும். அமர ஆளில்லாத மழைக்கு 'இட்' என்னும் பொம்மையை உட்கார வைத்தார்கள். இவ்வாறு விளக்கியபின் அந்த 'இட்' விடுபடுவது பெரிதும் குறைந்தது.

'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்', 'எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என்று நான்காம் வேற்றுமையில் நாம் சொல்வனவற்றையெல்லாம் ஆங்கிலம் 'ஐ' என்று 'நான்' என்பதை முன்னிறுத்தியே சொல்லும். பசியை நமக்கு வந்துசேரும் ஒன்றாகத் தமிழ் கருதுகிறது. ஆங்கிலத்துக்கு அதுவும் 'நான்' இருக்கும் நிலை. எது சிறந்தது என்னும் ஆராய்ச்சி எனக்கு வேண்டா. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் பிள்ளை இரண்டையும் ஒருங்கே கற்கிறது.

சொற்கிடக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'மேசையின் மேல்' என்பது 'ஆன் தி டேபிள்' ஆகும். 'நேற்று வந்த பையன்' என்பது 'தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே' ஆகும். 'வருவேன் என்று சொன்னான்' என்பது 'ஹி செட் தட் ஹி வுட் கம்' ஆகும். உருபும், பெயரெச்சத் தொடரும், 'என்று' என்னும் இணைப்பும் வேறு வேறு பாடங்களாக வேறு வேறு வகுப்புகளில் நடத்தப்படுகின்றன. உண்மையில் இவை ஒரே பாடம். தமிழில் எது பின்னே நிற்கிறதோ அது ஆங்கிலத்தில் முன்னே நிற்கும். கண்ணாடியில் காணும் உருவம்போல. 'நல்ல பையன்' மட்டும் 'குட் பாய்' என்று முறை மாறாமல் இருக்கும். விதிவிலக்கு இல்லாத விதி ஏது?

பிள்ளைகள் பேசத் தயங்குவதற்கு இலக்கணத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. ஆங்கிலத்தில் நீ, நீங்கள், தாங்கள் என்னும் மூன்றுக்கும் 'யூ' ஒன்றே. நம் ஊர்ப் பிள்ளை ஆசிரியரை நீ என்று சொல்லுமா? 'யூ' என்று சொல்ல அதன் நா எழுவதில்லை. ஆகவே 'வேர் இஸ் சார் கோயிங்?' என்று படர்க்கையில் கேட்கும். அதைப் பிழை என்று திருத்துவதற்கு முன்னர், அப்பிழையில் உள்ள மரியாதையை ஆசிரியர் காணவேண்டும். நாம், நாங்கள் என்னும் வேறுபாடும் ஆங்கிலத்தில் இல்லை. 'வி ஆர் கோயிங் டு மதுரை' என்றால் கேட்பவரும் மூட்டை கட்ட வேண்டுமா, வேண்டாவா என்பது அச்சொல்லால் தெரியாது. அண்ணனும் தம்பியும் அங்கே ஒரே 'பிரதர்'. இவற்றை வகுப்பில் எடுத்துச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். இல்லாதவனிடமிருந்து இருப்பவனிடம் வந்தோம் என்று எண்ணி அமர்ந்திருந்தவர்கள், அந்த வீட்டிலும் சில பாத்திரங்கள் இல்லை என்று அறிந்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். அச்சம் நீங்கிய பிள்ளைதான் வாய் திறக்கும்.

இவ்வளவு இலக்கணம் தேவையா என்று கேட்பார் உண்டு. கேட்டவர்களுள் மிகச் சிறந்தவர் என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னை முதலிய இடங்களிலும் உள்ள பள்ளிகளில் அவர் நடத்திய திட்டம் உலகெங்கும் மொழியாசிரியர்களால் பேசப்படுகிறது. இலக்கணத்தை நேரே நடத்தாமல், நிலப்படம், இரயில் கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்துக் கணக்கிடவும் ஆராயவும் செய்தார். மனம் பொருளில் ஆழ்ந்திருக்கும்போது மொழி தானே படியும் என்பது அவர் கொள்கை. விழுப்புரத்தில் வண்டி மாறி மறுநாட் காலைக்குள் ஊர் சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று ஆங்கில அட்டவணையைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள். உறங்கும் வகுப்பும் விழித்துக்கொள்ளும். வெஸ்ட் கேட்ட ஒப்படைப்பு மதிப்பும் இதில் இருக்கிறது. எந்த வகுப்பில் நின்றுவிட்டாலும் அட்டவணை பார்க்கத் தெரிந்த பிள்ளை தெரிந்த பிள்ளைதான். இலக்கணத்தில் அவர் கருத்தும் என் கருத்தும் வேறுபடும். ஆனால் 1990இல் அவரே எழுதிய கட்டுரை ஒன்றில், அனைவர்க்கும் சிறந்ததாகிய ஒரே முறை என்று ஒன்றில்லை, கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்று ஆசிரியர் தம் அனுபவத்தால் உணரும் உணர்வே முதன்மையானது என்னும் கருத்தை நிறுவினார். அந்த இடத்தில் நான் அவர் பக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆய்வொன்றையும் குறிப்பிட வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தம் மாணவர்கள் பயன்படுத்திய அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களை ஆராய்ந்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாடத்தில் அமெரிக்க நகர வாழ்க்கை. ஓரத்தில் மாணவர்கள் கிறுக்கியிருந்ததோ திரைப்படம், காதல், தங்களைச் சூழ்ந்திருந்த போராட்டம். போர் நடந்த காலம் அது. வாயால் ஆசிரியருக்கு இணங்கியவர்கள் கையால் தங்கள் உலகத்தை ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் வகுப்பறைப் புத்தகங்களின் ஓரங்களை நாம் என்றேனும் புரட்டிப் பார்த்திருக்கிறோமா? தமிழ் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

2012-13ஆம் கல்வியாண்டு முதல் நம் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. பெற்றோர் ஆங்கிலத்தை விரும்புவதை நான் குறை சொல்லேன். தாம் நின்ற வரிசையில் தம் பிள்ளை நிற்கக் கூடாது என்று அவர்கள் எண்ணுவது நியாயமே. ஆனால் ஆங்கிலத்தில் எல்லாம் படித்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்னும் நம்பிக்கையைத்தான் ஐயுறுகிறேன். தெரியாத மொழியில் அறிவியலும் வரலாறும் படிக்கும் பிள்ளை இரண்டையும் மனப்பாடம் செய்கிறது. தமிழ் வாக்கியத்தை ஆய்ந்து பார்க்கப் பழகாத அப்பிள்ளையிடம் நான் 'புத்தகத்தை' என்பதற்கும் 'புத்தகம்' என்பதற்கும் வேறுபாடு கேட்டால், ஏறி நிற்க அதற்குத் தோள் ஏது?

பள்ளிகளின் ஆசிரியர் அறையில் தமிழாசிரியரின் மேசை ஒரு மூலையிலும் ஆங்கில ஆசிரியரின் மேசை எதிர்மூலையிலும் இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தேநீர் வேளையில் இருவரும் அகவிலைப்படியைப் பற்றிப் பேசுவார்கள். ஆறாம் வகுப்பில் இந்த வாரம் எந்த இலக்கணம் நடக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை. இவ்வட்டத்தில் தமிழாசிரியர் பலர் இருக்கிறீர்கள். நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. தமிழிலக்கணத்தைக் கொண்டு ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர்க்கு உதவும் கையேடு ஒன்றை, அறுபது பக்கத்துக்கு மிகாமல், நம் வட்டமே எழுதி வெளியிட வேண்டும். அதன் முதல் பக்கம் குற்றியலுகரம். இரண்டாம் பக்கம் ஐ உருபு. மற்றப் பக்கங்களுக்கு உங்களிடம் சரக்கு நிறைய இருக்கிறது. எழுதக் கூடுவதற்கு என் வீட்டுக் கூடம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகத்தான் கிடக்கிறது. வருபவர்களுக்குக் காப்பி உண்டு.